எறிய வேண்டிய மா

குகன் என்னோடு லண்டனில், வால்தம்ஸ்டோ பேக்கரியில் வேலை செய்தவன். அவன் இப்போதும் அங்கேதான். நான் நின்றுவிட்டேன். மாத்தூசி நெஞ்சில் படிந்துவிட்டது, இனி மாவுக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பென்சன் எடுக்கிற வயது வருவதற்குள் ஓய்வு பெற்றவன் என்று வீட்டில் இருப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. குகன் மட்டும் ஷிப்ட் முடிந்து போகிற வழியில் வந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவான்.

போன கிழமை வந்தவன் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணை, சைனாவுக்குப் போறியோ எண்டு கேக்கிறாங்கள்."

"ஆர்?"

"போறணை விக்கிற கொம்பனிக்காரர். அங்க ஒரு பள்ளிக்கூடத்தில பாண் போடப் பழக்கோணுமாம், ஒரு வருசம். நீங்கள் முந்திப் போனனீங்கள்தானே? என்ன சாப்பாடு, எங்க படுக்கிறது, லீவு தருவாங்களோ, எனக்கு ஒண்டும் தெரியேல்லை. ஒருக்கா வாயைத் திறந்து சொல்லுங்கோவன்."

"பிறகு சொல்றன்."

"உங்கட பிறகு எனக்குத் தெரியும். நீங்கள் சொல்ல முதல் நான் கிழவனாயிடுவன்."

அவன் சொன்னது சரி. இரண்டு பேர் சேர்ந்து இருக்கிற இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. ஆனால் எழுத வரும். யாழ்ப்பாணத்தில் பாண், அதாவது பேக்கரி ரொட்டி, சுற்றிக் கொடுப்பதற்கென்று கட்டுக்கட்டாக வந்த பழைய பேப்பர்களை வாசித்து வாசித்துப் பழகிய எழுத்து இது. அதனால் குகனுக்கும், கேட்க விரும்புகிற மற்றவர்களுக்கும் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பேக்கரியில் சேர்ந்தேன். எண்பதுகளில் ஜேர்மனிக்கு ஓடினேன். அங்கே ஒரு சின்ன ஊரில் தட்டுக் கழுவப் போன பேக்கரியிலேயே பாண் போடுகிறவனாக ஆனேன். பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்தோம். இங்கே எங்கள் பேக்கரிக்குப் போறணை, பாண் வேகிற பெரிய அடுப்பு, பூட்ட வந்த கொம்பனிக்காரர் நான் போட்ட ஜேர்மன் பாணைச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் சீனாவில் ஒரு தொழிற்பள்ளிக்கும் போறணை விற்றிருந்தார்கள். பழக்குவதற்குப் போக இருந்த ஜேர்மன்காரர் காலை முறித்துக்கொண்டார். என்னைக் கேட்டார்கள். எனக்கு இல்லை என்று சொல்லவும் கூச்சம்.

மனைவியிடம் சொன்னேன்.

"போயிட்டு வாங்கோ," என்றாள். "ஒரு வருசம் நாங்கள் ரீவியைச் சத்தமா வைச்சுப் பாப்பம்."

நகரத்தின் பெயர் செங்சோ. சீனாவின் நடுப்பகுதி. சோறு தின்கிற சீனாவைத்தான் நான் நினைத்துக்கொண்டு போனேன். இது கோதுமை தின்கிற சீனா. விமானம் இறங்கும்போது கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கோதுமை வயல். சின்ன வயதிலிருந்தே கோதுமை மாவோடு கிடந்தவன் நான். கோதுமைப் பயிரை இவ்வளவு விரிவாக அன்றுதான் கண்டேன். கை தானாக யன்னல் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூட வாசலில் காவலாளி என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். ஐரோப்பாவிலிருந்து ஆசிரியர் வருகிறார் என்று சொல்லி வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் காரிலிருந்து இறங்குவார் என்று அவர் காத்துக்கொண்டு நின்றார். நானும் என்ன செய்வதென்று தெரியாமல் அவரோடு சேர்ந்து பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

அப்போது பள்ளிக்கூட அதிபர் லின் வந்தார். கட்டையான பெண்மணி, காதோடு வெட்டிய தலைமயிர், மூடி போட்ட கண்ணாடிப் போத்தலில் தேயிலை மிதக்கிற சுடுதண்ணீர். அதிபராவதற்கு முன் ரயில்வேத் தொழிலாளர் சாப்பாட்டுச்சாலை ஒன்றை நடத்தியவர் என்று பிறகு அறிந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துச் சட்டைக் கையை மேலே தள்ளினார். போறணைத் தட்டுப் பட்டுப் பட்டு வந்த சூட்டுத் தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. தன் சட்டைக் கையையும் மேலே தள்ளிக் காட்டினார். அங்கே ஆவி பட்ட தழும்பு, முழங்கை வரை. பிறகு காவலாளியைப் பார்த்து ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்க்கும் பெண், அவள் பெயர் மெய், எனக்குச் சொன்னாள்:

"இவர்தான் ஆசிரியர், பெட்டியைத் தூக்கு எண்டு சொல்றா."

மெய்யின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் இரண்டு நொண்டிகள் தோளில் கைபோட்டு நடக்கிற மாதிரி. அவள் ஆங்கிலத்தில் சொல்வது என் தலைக்குள் எங்கள் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன்.

வகுப்புக்குள் போனதும் எல்லோரும் எழுந்து நின்று "லாவோஷி" என்றார்கள். ஆசிரியரே என்று அர்த்தம். எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுந்தவர்களில் பாதிப்பேர் ஆலைகள் மூடியதால் வேலை இழந்தவர்கள், என் வயதுக்காரர். மற்றவர்கள் இளம் சமையற்காரர். எல்லோருமே என்னைவிடக் கூடப் படித்தவர்கள். வருட முடிவில் நகரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்று இவர்களிலிருந்து தன் புது பேக்கரிக்கு ஆள் எடுக்கும். அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

குகன், நீ கேட்ட நாளாந்த வாழ்க்கை இதுதான். விடிய ஒலிபெருக்கியில் பாட்டுப் போடும், முற்றத்தில் எல்லோரும் கைகாலை ஆட்டுவார்கள். நீயும் ஆட்ட வேண்டும். யாரும் வற்புறுத்துவதில்லை, ஆனால் அத்தனை பேர் ஆட்டும்போது ஆட்டாமல் நிற்க வெட்கமாயிருக்கும். பிறகு வகுப்பு வாசலில் வரிசையாக நின்று கையைக் காட்ட வேண்டும். நகம், மோதிரம், வெட்டுக்காயம் எல்லாம் பார்ப்பார் அதிபர் லின். பார்க்க முதல் தன் இரண்டு கையையும் நீட்டிப் புறங்கை, உள்ளங்கை என்று திருப்பி எங்களுக்குக் காட்டுவார். முதல் நாள் அதைக் கண்டு நான் அசந்துபோனேன். எத்தனையோ முதலாளிகளின் கீழ் வேலை செய்திருக்கிறேன். தன் கையைக் காட்டிவிட்டு மற்றவன் கையைக் கேட்ட ஒருவரையும் அதுவரை கண்டதில்லை.

தண்ணீர் கேட்டால் சுடுதண்ணீர்தான். வெயில் காலத்திலும் சுடுதண்ணீர்தான். மத்தியானம் சாப்பிட்டதும் முழுப் பள்ளிக்கூடமும் மேசையில் தலையை வைத்து நித்திரை கொள்ளும். அந்த அமைதியில் போறணை சூடு ஆறுகிற சத்தம்கூடக் கேட்கும். தெருவில் நடந்தால் சின்னப்பிள்ளைகள் பின்னால் வருவார்கள். ஒரு கிழவி என் கையைத் தொட்டுப் பார்த்து, கறுப்பு ஒட்டுகிறதா என்று தன் விரலைப் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் அவ்வளவு மெதுவாகத் தொட்டார்.

லீவைப் பற்றியும் கேட்டாய். ஒக்டோபரில் ஒரு கிழமை லீவு தந்தார்கள். நல்ல சனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். லீவு முடிந்த சனிக்கிழமை நன்றாகப் போர்த்துப் படுத்திருக்கிறேன், கதவை உடைக்கிற மாதிரித் தட்டுகிறாள் மெய்.

"லாவோஷி, எல்லாரும் போறணைக்கு முன்னால நிக்கினம்!"

"இண்டைக்குச் சனிக்கிழமையெல்லோ?"

"இண்டைக்குச் சனி இல்லை, வியாழன்."

அங்கே அப்படித்தான். கிழமை முழுக்கத் தொடர்ந்து லீவு விடுவதற்காகச் சனி, ஞாயிறை இடம் மாற்றி வேலை நாளாக்கிவிடுவார்கள். முழு நாடும் அன்றைக்கு வியாழக்கிழமை என்று ஒத்துக்கொண்டு வேலைக்குப் போகும். இதை மட்டும் எப்படியோ போன கிழமை குகனுக்குச் சொல்ல முடிந்தது.

"அப்ப அது லீவில்லை அண்ணை, கைமாத்து," என்றான்.

அந்த வகுப்பில் வாங் என்று ஒரு பெண்மணி இருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அதனால் மனதுக்குள் வாங் அக்கா என்றே சொல்லிக்கொள்வேன். இளவயதிலிருந்து பஞ்சாலையில் நெய்தவர். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது, அதனால் எதையும் கத்தித்தான் சொல்வார். ஆலை மூடியதும் கணவருக்கும் வேலை போய்விட்டது. மகள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் எல்லோரையும்விட இந்த வேலை தேவைப்பட்டவர் அவர்தான். எல்லோரையும்விட மோசமான பாண் போட்டவரும் அவர்தான்.

நான் பழக்கியது புளிமாப் பாண். பாலுக்கு உறை விடுகிற மாதிரி, பழைய புளித்த மாவில் கொஞ்சத்தைப் புது மாவில் விட்டு எழும்ப வைப்பது. அந்தப் புளிமாவை ஒவ்வொரு நாளும் பராமரிக்க வேண்டும். முறை இதுதான். கிண்ணத்தில் இருப்பதில் ஒரு கைப்பிடியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிய வேண்டும். வைத்துக்கொண்டதற்குப் புது மாவும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். எறியாவிட்டால் பழைய புளிப்பு ஏறி ஏறிப் புது மாவைத் தின்றுவிடும், பாண் எழும்பாது. ஜேர்மனியில் எனக்குப் பழக்கியவர் எறி என்றார், நானும் எறிந்தேன். ஏன் என்று யோசித்ததில்லை. வகுப்பில் அதற்கென்றே ஒரு வாளி வைத்திருந்தேன்.

வாங் அக்காவின் பாண் தட்டையாக, வாய் கூசுகிற புளிப்போடு வந்தது. மாவின் நிறை, தண்ணீரின் சூடு, பிசைகிற கை எல்லாம் பார்த்தேன். பிழை இல்லை. உண்மையில் வகுப்பிலேயே நல்ல கை அவருடையதுதான். அதிபர் லின் வந்து அவருடைய பாணை, தோல் மொறுமொறுக்கிறதா என்று, காதோடு வைத்து அமத்திப் பார்ப்பார். வைத்துவிட்டு, "ஆசிரியர் நல்லாக் களைச்சுப் போனீங்கள்," என்பார். உங்கள் பாடு வீண் என்பதை அவர் சொல்கிற விதம் அது, அதைவிடக் கடுமையாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் சீனப் புதுவருடத்துக்கு முன்னால் ஒரு சோதனை வைப்பதாகவும், தேறாதவர்கள் லீவு முடிந்து திரும்பி வரத் தேவையில்லை என்றும் அறிவித்துவிட்டார்.

ஒரு காலை நான் வழமையைவிட முந்திப் போனேன். வாங் அக்கா தனியாக நின்றார். கிண்ணத்திலிருந்து எறிய வேண்டியதை வழித்து எடுத்தார். வாளிக்கு மேல் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது. திருப்பிக் கொண்டுவந்து கிண்ணத்துக்குள்ளேயே போட்டுக் கலந்துவிட்டார்.

மெய் வந்ததும் கேட்கச் சொன்னேன். வாங் அக்கா மேசையைப் பார்த்தபடி சொன்னார். கத்திப் பேசுகிறவர் அன்று மெதுவாகச் சொன்னார். மெய் மொழிபெயர்க்காமல் நின்றாள்.

"என்ன சொல்றா?"

"சிக்கனமான ஆளாம்," என்றாள் மெய்.

அவ்வளவு நேரம் சொன்னது அதுவாக இருக்காது என்று எனக்குத் தெரியும். பேசாமல் நின்றேன். எனக்கு வருகிற ஒரே வேலை அதுதானே. கொஞ்சம் பொறுத்து மெய் தானாகவே சொன்னாள்.

"அவவுக்கு ஏழு வயசாம் அப்ப. ஊரில மா இல்லாத வருசங்கள். மரப்பட்டையை இடிச்சுத் திண்டிருக்கினம். தம்பி ஒருத்தன் இருந்தவனாம். மா, மா எண்டு கேட்டுக் கேட்டே செத்துப்போனானாம். எறிய மாட்டன் எண்டு இல்லையாம், கை விடுதில்லையாம்." பிறகு தன் பாட்டுக்குச் சொன்னாள்: "எங்கட வீட்டில இதைப்பற்றி ஒருத்தரும் கதைச்சதில்லை. நான் இண்டைக்குத்தான் கேக்கிறன்."

நான் பாணுக்கு வரிசையில் நின்ற வருடங்களைக் கண்டவன். ஆனால் வரிசையின் முடிவில் ஏதோ கொஞ்சம் பாண் இருந்தது. இந்தப் பெண்மணியின் முன்னால் எறி என்று சொல்ல என் வாய் எழவில்லை. சொல்லாவிட்டால் அவர் சோதனையில் தேறமாட்டார். கடைசியில் மெய்யிடம், "எறியாட்டி எழும்பாது எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் சொல்ல வேண்டாம்," என்றேன்.

மறுநாள் வாங் அக்கா எறிந்தார். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார். அதற்கடுத்த நாள் கண்ணைத் திறந்துகொண்டே எறிந்தார். வாளியை வெளியில் கொண்டுபோய்க் கொட்டுகிற வேலையையும் தானே கேட்டு எடுத்துக்கொண்டார். பழகிவிட்டார் என்று நான் சந்தோசப்பட்டேன். அவருடைய பாண் எழும்பத் தொடங்கியது. எழும்பியது என்றால் என்ன எழுப்பம்! மேல்தோல் வெடித்து மலர்ந்து, உள்ளே தேன்கூடு மாதிரி. சோதனை நாளில் அதிபர் லின் அதைக் காதோடு வைத்து அமத்தினார். ஒன்றும் சொல்லாமல் இன்னொருதரம் அமத்தினார். வாங் அக்கா தேறிவிட்டார்.

புதுவருட லீவு வந்தது. இது கைமாத்து இல்லை, உண்மையான லீவு. நகரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிப் போய்விட்டது. மெய்யும் ஊருக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் நானும் காவலாளியும் மட்டும். வருடம் பிறந்த மறுநாள் வாங் அக்காவின் மகள் வந்தாள். அவளுக்கு என்னைவிட நல்ல ஆங்கிலம்.

"அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு வரட்டாம். தனியா இருந்து பிஸ்கற் தின்னுவீங்கள் எண்டு சொல்றா."

நான் பிஸ்கற்தான் தின்றுகொண்டிருந்தேன்.

பஞ்சாலைக்காரருக்கென்று கட்டிய சிவப்புச் செங்கல் மாடிவீடு. படிக்கட்டு நெடுகக் குளிர்காலத்துக்கு வாங்கி அடுக்கிய கோவா என்கிற முட்டைக்கோஸ். ஒவ்வொரு கதவிலும் சிவப்புக் கடதாசி. தெரு முழுக்க வெடிப் புகை. வாங் அக்காவின் வீட்டு மேசையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர்களுடைய பாணான மான்தோ, மாவை ஆவியில் அவிப்பது, வெள்ளைவெளேரென்று மலைபோலக் குவிந்திருந்தது. சில பூப்போல மடிக்கப்பட்டு, மடிப்புக்கு மடிப்புச் சிவப்பு இலந்தைப்பழம். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய அளவு ஒன்று. மேல்வீடு, கீழ்வீட்டுப் பிள்ளைகள் தட்டோடு வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒன்றைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனேன். மணம் வந்தது. நான் வளர்த்த புளிமாவின் மணம். தெரிந்த பிள்ளையை வேறு வீட்டில், வேறு உடுப்பில் கண்டது போல இருந்தது. வாளி எங்கே போனது என்று அப்போது விளங்கியது. கொடியில் தோய்த்துக் காயப்போட்ட வெள்ளைத் துணிப்பை ஒன்று தொங்கியது. அதை வாளிக்குள் போட்டு, எங்கள் வகுப்பு முழுவதும் எறிந்ததை இவர் நாள்தோறும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

பிய்த்த துண்டைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டேன். காரணம், அதிபர் லின்னிடம் ஒரு சட்டம் இருந்தது. தின்னக்கூடிய எதுவும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வகுப்பிலிருந்து நீக்கம், பேச்சுக்கு இடமில்லை. இலையுதிர் காலத்தில் இளம் சமையற்காரன் ஒருவன் வெண்ணெய்க் கட்டியைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனான். வாசலில் காவலாளியோடு கதைத்து நின்ற நேரத்தில் அது உருகி நெற்றியில் வழிந்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம். அதிபர் சிரிக்கவில்லை. அன்றே அவன் போனான்.

வாங் அக்கா சோடா விடுவதை அன்று காட்டினார். அது நான் மறக்காத காட்சி. பழைய மாவின் புளிப்பை அப்பச்சோடா போட்டு அடக்க வேண்டும். குறைந்தால் புளிக்கும், கூடினால் மஞ்சளாகும். அளக்கிற கரண்டி இல்லை. கொஞ்சம் தூவிப் பிசைந்து, மாவை உள்ளங்கையால் அறைவார். மற்றவர்கள் அந்தச் சத்தத்தைக் காதால் கேட்பார்களாம். இவருக்குத்தான் காது இல்லையே. அறைந்த கையை அப்படியே மாவின்மேல் வைத்திருந்து, மா திருப்பி அனுப்புகிற அதிர்வைப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். இன்னும் ஒரு சிட்டிகை. திரும்ப அறை. பிறகு சிரிப்பார். நானும் கையை வைத்துப் பார்த்தேன். எனக்கு மா மாவாகத்தான் இருந்தது.

அந்த நேரம் கதவு தட்டப்பட்டது. கையில் தோடம்பழப் பையோடு அதிபர் லின் நின்றார். வேலை இழந்த மாணவர்களின் வீடுகளுக்குப் புதுவருடத்தில் போய்ப் பார்ப்பது அவருடைய வழக்கமாம்.

இருக்கச் சொன்னார்கள். வந்தவருக்கு மான்தோ கொடுக்காமல் விட முடியாது. வாங் அக்கா மிக அழகான பூவைத் தெரிந்து இரண்டு கையாலும் கொடுத்தார். அதிபர் அதைப் பிய்த்தார், மணந்தார், அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"இது எந்தப் பழைய மா?"

மகள் எனக்கு மெதுவாக மொழிபெயர்த்தாள். அவளுக்கும் சட்டம் தெரியும். நான் எப்படி எழும்பினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"நான் குடுத்தது," என்றேன். "நான்தான் கொண்டுபோங்கோ எண்டு சொன்னனான்."

மகள் சொல்லி முடிக்கவில்லை, வாங் அக்கா முழு வீடும் கேட்கக் கத்தினார்.

"இல்லை! லாவோஷி பொய் சொல்றார். முகத்தைப் பாருங்கோ, அந்த மனிசனுக்கு அது வராது. நான்தான் எடுத்தனான். எறிஞ்சதைத்தான் எடுத்தனான்."

"வாசலைத் தாண்டினதோ?" என்று அதிபர் கேட்டார்.

"ஓம். தாண்டினது."

அதிபர் லின் கையிலிருந்த மான்தோவைச் சாப்பிட்டார். அவசரப்படாமல், மேசையில் விழுந்த துகளையும் விரலால் ஒற்றி எடுத்து, முழுவதையும் சாப்பிட்டார். பிறகு, "சோடா எவ்வளவு?" என்றார். வாங் அக்கா மாவை அறைந்து காட்டினார். அதிபரும் எழும்பிச் சட்டைக் கையை மடித்து ஒரு அறை அறைந்தார். "என்ரை ரயில்வேக் குசினியில எப்பவும் மஞ்சள் புள்ளி விழும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாசலில் சப்பாத்துப் போடும்போதுதான் மற்றதைச் சொன்னார்:

"சட்டம் சட்டம்தான். லீவு முடிஞ்ச முதல் நாள் வாங்கோ."

கதவைச் சாத்திவிட்டு வாங் அக்கா எனக்கு இன்னொரு மான்தோ எடுத்து வைத்தார். "சாப்பிடுங்கோ," என்றார். "இதுக்கு என்ன குற்றம்?"

மிச்ச லீவு முழுவதும் நான் என் அறையில் கிடந்தேன். வெளியே வெடி வெடித்துக்கொண்டே இருந்தது. ஹோட்டல் வேலை, மகளின் படிப்பு, அந்தக் கை என்று ஒவ்வொன்றாக நினைத்தேன். எறி என்று சொன்னவன் நான். அதைக் கேட்டு எறிந்தபடியால்தானே அவர் எடுக்க வேண்டி வந்தது.

முதல் நாள் காலை, கை காட்டுகிற வரிசை. அதிபர் தன் கையைக் காட்டினார், எங்கள் கைகளைப் பார்த்தார். பிறகு வாங் இனி இந்த வகுப்பில் இல்லை என்று சொன்னார். வாங் அக்கா தொப்பியைக் கழற்றி மடித்தார், எனக்கு ஒருதரம் தலை குனிந்தார், அதிபருக்குப் பின்னால் நடந்து போய்விட்டார். நான் வாய் திறக்க வேண்டிய இடம் அது. மெய் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய் மா நிறுக்கத் தொடங்கினேன்.

வகுப்பு நடந்தது. எறிகிற நேரம் வந்தது, எல்லோரும் எறிந்தார்கள். வாளியை எடுக்க ஆளில்லை. ஒருவரும் அதைத் தொட விரும்பவில்லை என்று தெரிந்தது. நானே தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து வாசலை நோக்கிப் போனேன். கொட்டிவிட்டு அப்படியே அதிபரின் அறைக்குப் போய் நிற்பது என்று முடிவெடுத்திருந்தேன். என்ன சொல்வது என்று தெரியாது, ஆனால் நிற்பது என்று.

"லாவோஷி!" என்று மெய் பின்னால் ஓடிவந்தாள். "அங்க இல்லை, இங்கால!"

பள்ளிக்கூடச் சாப்பாட்டுச்சாலையின் பின்வாசலில் அதிபர் லின் போத்தலோடு நின்று என்னைக் கைகாட்டி அழைத்தார். உள்ளே, குசினி என்கிற சமையலறைக்குள் போனேன். ஆவியில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. எங்கள் பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி எல்லாம் பிச்சை வாங்க வேண்டும், அவ்வளவு பெரிய மூங்கில் தட்டுகள், ஆள் உயரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக. அவற்றுக்கு முன்னால் புது வெள்ளைக் கோட்டோடு வாங் அக்கா, கோட்டுக் கை முழங்கைக்கு மேல் மடிக்கப்பட்டிருந்தது.

அதிபர் தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்தார்.

"ஹோட்டல்காரர் ஆளின்ரை வயசைப் பாப்பினம்," என்றார். "நான் மாவைப் பாக்கிறன். இண்டையிலயிருந்து இவ எங்கட சமையற்காரி, சம்பளத்துக்கு. வாசலைத் தாண்டக்கூடாது எண்டதுதான் சட்டம். இந்தக் குசினி வாசலுக்கு உள்ளதான் இருக்கு."

நான் வாளியோடு நின்றேன். எனக்குக் கண் எரிந்தது, ஆவி என்று வைத்துக்கொள்ளலாம். வாங் அக்கா வந்து வாளியை என் கையிலிருந்து வாங்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். கையில் தூக்கி நிறை பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு மேலால் கேட்க வேண்டும் என்பது போல ஏதோ கத்தினார். குசினியில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அதிபர் லின்னும் சிரித்தார்.

"என்னவாம்?" என்று மெய்யைக் கேட்டேன்.

"இது காணாதாம்," என்றாள் மெய். "முழுப் பள்ளிக்கூடமும் சாப்பிட வேணுமாம். நாளைக்குக் கூடுதலா எறியட்டாம்."

மறுநாள் கூடுதலாகவே எறிந்தோம்.